பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பத்தாண்டுகளுக்கு முன் பார்த்துப் பார்த்து வாங்கிய விளையாட்டுக் கணினி இன்றும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால், அதில் முதலில் மூச்சு வாங்கத் தொடங்கும் உறுப்பு பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டாகவே இருக்கும். அந்தக் காலகட்டத்தில் பிராசஸர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் மெல்ல நகர்ந்தன. கிராபிக்ஸ் சில்லுகளோ தாவித் தாவி முன்னேறின, விளையாட்டுகளும் அந்தத் தாவலை நம்பியே எழுதப்பட்டன. ஆகவே கார்டை மட்டும் மாற்றிவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது இயல்பானது, பல நேரங்களில் சரியானதும்கூட. ஆனால் எந்தக் கார்டு என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் தரவரிசைப் பட்டியல்களிடம் கேட்கிறோம். அந்தப் பட்டியல்கள் எல்லாம் சந்தையில் உள்ள மிக வேகமான பிராசஸரோடு, போதிய மின்சாரத்தோடு, புத்தம்புதிய மதர்போர்டில் சோதித்து எடுத்த எண்களால் ஆனவை. நம் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

ஒரு ஃப்ரேம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. திரையில் நாம் காணும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், சுடப்பட்ட குண்டு எதில் பட்டது, கேமரா எந்தப் பக்கம் திரும்பியது, எந்தெந்தப் பொருள்களை வரைய வேண்டும் என்பதையெல்லாம் பிராசஸர் கணக்கிட்டு, வரையும் கட்டளைகளைத் தொகுத்துத் தருகிறது. கிராபிக்ஸ் கார்டு அந்தக் கட்டளைகளை வாங்கிப் புள்ளி புள்ளியாக வரைந்து முடிக்கிறது. சித்தாள் செங்கல் எடுத்துக் கொடுக்க, கொத்தனார் சுவர் எழுப்புவதைப் போன்ற ஏற்பாடு இது. கொத்தனார் மெதுவானவராக இருந்தால் செங்கல் குவிந்து கிடக்கும். அவர் இடத்தில் மூன்று மடங்கு கைவேகம் உள்ள ஒருவரைக் கொண்டுவந்தால், இப்போது அவர் கையை நீட்டிக்கொண்டு செங்கலுக்காகக் காத்து நிற்பார்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு பழைய கணினியில், குறிப்பிட்ட ஒரு காட்சியில், பிராசஸர் தன் வேலையை முடிக்க 14 மில்லிவினாடியும் கார்டு தன் வேலையை முடிக்க 25 மில்லிவினாடியும் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த ஃப்ரேம்களில் ஈடுபட்டிருப்பதால், மெதுவான உறுப்பின் நேரமே ஃப்ரேமின் நேரமாகிறது. 25 மில்லிவினாடி என்றால் வினாடிக்கு 40 ஃப்ரேம். இப்போது மூன்று மடங்கு வேகமான கார்டைப் பொருத்துகிறோம். கார்டின் நேரம் ஏறத்தாழ 8 மில்லிவினாடியாகக் குறைகிறது, ஆனால் பிராசஸர் அதே 14 மில்லிவினாடியில்தான் கட்டளைகளைத் தருகிறது. ஆகவே கிடைப்பது வினாடிக்குச் சுமார் 71 ஃப்ரேம். மூன்று மடங்குக்குப் பணம் கொடுத்தோம், இரண்டு மடங்குகூட முழுதாக வந்து சேரவில்லை. இன்னும் பணம் சேர்த்து ஐந்து மடங்கு வேகமான கார்டை வாங்கியிருந்தாலும் அதே 71தான் வந்திருக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இதைச் சொன்னவுடன் பலர் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். சோர்வதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்த 71 போதுமா போதாதா என்பதைத் தீர்மானிப்பது திரை. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் மானிட்டருக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லிவினாடிக்குள் வந்தால் போதும். மேற்சொன்ன பழைய பிராசஸர் அந்த எல்லைக்குள் நன்றாகவே நிற்கிறது. 144 முறை புதுப்பிக்கும் மானிட்டர் என்றால் 6.9 மில்லிவினாடிக்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்தக் கணினியில் எந்தக் கார்டைச் செருகினாலும் அது நடக்காது. மேலும், கார்டிடம் மிஞ்சும் வலுவை வேறு வழியில் செலவிடலாம். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகளும் 1440பி திரையில் 36.9 லட்சம் புள்ளிகளும் இருக்கின்றன. புள்ளிகள் கூடும்போது உழைப்பு கூடுவது கார்டுக்குத்தான். எதிரிகளின் எண்ணிக்கையும் குண்டுகளின் பாதையும் மாறாததால் பிராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பழைய பிராசஸரோடு வலுவான கார்டைச் சேர்ப்பவர்கள் ஃப்ரேம் எண்ணிக்கையை எதிர்பார்க்காமல் படத்தின் தெளிவை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

நம் கணினியில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டறிய புதிய கார்டு எதுவும் தேவையில்லை. பழைய கார்டைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினால், விளையாட்டின் மூலையிலேயே ஃப்ரேம் எண்ணிக்கை, கார்டின் பயன்பாடு, பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் ஒவ்வொன்றின் பயன்பாடு ஆகியவற்றைக் காட்டும். ஃப்ரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு பூட்டும் வி-சிங்க்கை அணைத்துவிட்டு, ஃப்ரேம் வரம்பு ஏதும் வைத்திருந்தால் அதையும் நீக்கிவிட்டு, விளையாட்டில் மிகவும் திணறும் இடம் ஒன்றுக்குப் போய் நிற்க வேண்டும். ஆட்கள் நிறைந்த சந்தை, வாகனங்கள் ஓடும் நாற்சந்தி போன்ற இடங்கள் நல்லவை. கார்டின் பயன்பாடு 95 முதல் 99 விழுக்காட்டில் நின்றால் கார்டுதான் தாமதத்துக்குக் காரணம். அது 60, 70 என்று ஊசலாடினால் கார்டு வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். பிராசஸரின் மொத்தப் பயன்பாடு 50 விழுக்காடுதானே என்று இங்கே ஏமாந்துவிடக் கூடாது. விளையாட்டின் முதன்மை வேலை ஒன்றிரண்டு கோர்களிலேயே பெரிதும் நடப்பதால், ஒரு கோர் முழுதாக நிரம்பி மற்றவை பாதி காலியாக இருக்கும்போதும் சராசரி பாதியாகத்தான் தெரியும்.

அடுத்து, அதே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளிகளின் எண்ணிக்கையை, மட்டும் 720பி அளவுக்குக் குறைக்க வேண்டும். மற்ற அமைப்புகளைத் தொடக் கூடாது. திரை மங்கலாகத் தெரியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கார்டின் சுமை வெகுவாகக் குறைந்துவிட்ட இந்த நிலையில் கிடைக்கும் ஃப்ரேம் எண்ணிக்கை, பிராசஸர் தரக்கூடிய உச்ச எண்ணிக்கைக்கு மிக அருகில் இருக்கும். முழு ரெசல்யூஷனில் 40 ஆக இருந்தது இப்போது 70 ஆக உயர்ந்தால், புதிய கார்டு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அந்த இடத்தில் ஏறத்தாழ 70 வரைதான் கொண்டுபோகும். 40 ஆக இருந்தது 43 ஆக மட்டுமே உயர்ந்தால், அந்தக் கணினிக்குத் தேவை கார்டே இல்லை. வாங்கப்போகும் பொருள் எவ்வளவு பயன் தரும் என்பதை வாங்குவதற்கு முன்பே, கைக்காசு செலவழிக்காமல், பத்து நிமிடத்தில் சொல்லிவிடும் சோதனை இது. அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

இந்தச் சோதனை முழு உண்மையையும் சொல்லிவிடுவதில்லை. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் பிராசஸரிடம்தான் வேலை வாங்குகிறது, அந்த வேலையின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது. இன்டெல் நிறுவனம் 2024 டிசம்பரில் கொண்டுவந்த ஆர்க் பி580 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. புதிய பிராசஸரோடு சோதிக்கும்போது அதன் பிரிவில் பாராட்டத்தக்க வேகம் காட்டிய அந்தக் கார்டு, சற்றுப் பழைய, குறைந்த கோர்கள் கொண்ட பிராசஸர்களோடு சேர்த்தபோது பல விளையாட்டுகளில் எதிர்பாராத அளவுக்குப் பின்தங்கியது. விலை குறைந்த கார்டு பழைய கணினிக்குத்தான் ஏற்றது என்ற பொதுவான நம்பிக்கை அங்கே தலைகீழானது. ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கை இயக்கும்போதும் பிராசஸரின் சுமை கூடும் என்பதால், அதற்காகவே கார்டு வாங்குபவர்கள் 720பி சோதனையில் கிடைத்த எண்ணிலிருந்து ஓரளவு கழித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு கோர்களும் நான்கே திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) கொண்ட பிராசஸர்களிடம், எடுத்துக்காட்டாக இன்டெல்லின் 2013ஆம் ஆண்டு ஐ5-4570 போன்றவற்றிடம், சராசரியில் தெரியாத இன்னொரு குறை உண்டு. சராசரி 65 என்று காட்டும், ஆனால் ஒரு தெருமுனையில் திரும்பும்போது படம் ஒரு கணம் உறைந்து மறுபடி ஓடும். புதிய பகுதியைத் திறந்து ஏற்றும் வேலையும் விளையாட்டின் முதன்மை வேலையும் ஒரே கோரில் முட்டிக்கொள்வதால் வரும் திக்கல் அது. கார்டை மாற்றினால் தீராது. பிராசஸர் அமரும் அதே சாக்கெட்டில் பொருந்தும் எட்டு திரெட் கொண்ட ஐ7-4770 போன்ற ஒன்றைப் பழைய பொருளாகத் தேடிப் பொருத்துவது இத்தகைய கணினிகளுக்கு நல்ல துணை மருந்து. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள்: 2017இல் ரைசன் 5 1600 பொருத்தி வாங்கிய பல மதர்போர்டுகள், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துக்கொண்டால் 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை ஏற்றுக்கொள்கின்றன. மறுபக்கம், 2011, 2012ஆம் ஆண்டுகளின் இன்டெல் பிராசஸர்களிலும் அதே காலத்து ஏஎம்டி எஃப்எக்ஸ் வரிசையிலும் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி கிடையாது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் விளையாட்டுகள் அங்கே தொடங்கவே மாட்டா, உள்ளே எந்தக் கார்டு இருந்தாலும் சரி.

ரேமையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். 8 ஜிபி மட்டும், அதுவும் ஒரே குச்சியாக இருந்தால், அதே வகைக் குச்சி இன்னொன்றைச் சேர்த்து, இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தரும்படி இரட்டைச் சேனலாக்குவது மிகக் குறைந்த செலவில் பிராசஸருக்கு மூச்சு விட இடம் தரும்.

கார்டின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடாத ஒரு செய்தியைப் பற்றி இனிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். அதன் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் கொண்டது. தரவு ஓடும் 16 தடங்கள் கொண்ட ஸ்லாட் ஒன்று 2.0 தலைமுறையில் ஒரு திசையில் வினாடிக்கு 8 ஜிபி, 3.0 தலைமுறையில் ஏறத்தாழ 15.8 ஜிபி, 4.0 தலைமுறையில் ஏறத்தாழ 31.5 ஜிபி கடத்தும். 2011ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் பிராசஸர்கள் 2.0 வரைதான் தந்தன. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து 3.0 கிடைத்தது. சாதாரணக் கணினிகளில் 4.0 வந்தது 2019இல் ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசையோடும், இன்டெல்லில் 2021இன் பதினோராம் தலைமுறையோடும்தான். எந்தத் தலைமுறைக் கார்டும் எந்தத் தலைமுறை ஸ்லாட்டிலும் பொருந்தும். இரண்டில் எது மெதுவானதோ அந்த வேகத்தில் பேசிக்கொள்ளும். 16 தடங்களையும் பயன்படுத்தும் கார்டு 3.0 ஸ்லாட்டில் இழப்பது மிகச் சொற்பம்.

சிக்கல் தொடங்குவது தடங்களைக் குறைத்த கார்டுகளில். செலவைக் குறைக்க, நடுத்தர, கீழ்நிலைக் கார்டுகள் பலவற்றில் 8 தடங்களை மட்டுமே இணைக்கிறார்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் அப்படிப்பட்டவை. கார்டின் அடிப்பகுதியில் உள்ள இணைப்பு பெரும்பாலும் 16 தடங்களுக்கு உரிய நீளத்திலேயே இருப்பதால், நீளத்தைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடித்துவிட முடியாது. 2022 ஜனவரியில் வெளிவந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் கீழே போய் நான்கே தடங்களோடு வந்தது. நினைவகமும் 4 ஜிபி மட்டுமே. 4.0 மதர்போர்டில் ஓரளவு சமாளித்த அந்தக் கார்டு, 3.0 மதர்போர்டில் வினாடிக்கு 4 ஜிபிக்கும் குறைவான பாதையில் சிக்கி, பல விளையாட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் இழந்தது. புதிய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இத்தனை சிறிய கார்டை வாங்குவது அரிது. குறைந்த விலையில் பழைய கணினியை மீட்டெடுக்க நினைத்தவர்களுக்காகவே வந்த கார்டு, அவர்களுடைய கணினியிலேயே மிக மோசமாக ஓடியது என்பது இன்றும் எனக்கு வருத்தம் தரும் செய்தி.

நினைவகத்தின் அளவை ஏன் இதோடு சேர்த்துப் பேச வேண்டும் என்றால், பாதை குறுகலாக இருப்பது நினைவகம் நிரம்பி வழியும்போதுதான் உண்மையில் உறைக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த 8 ஜிபி நினைவகத்தோடு வினாடிக்கு 272 ஜிபி வேகத்தில் பேசுகிறது. அந்த 8 ஜிபி நிரம்பிவிட்டால், மீதமுள்ள டெக்ஸ்ச்சர்களை, அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களை, கணினியின் ரேமிலிருந்து ஸ்லாட் வழியாகக் கொண்டுவர வேண்டும், 3.0 மதர்போர்டில் அந்தக் கார்டின் 8 தடங்களுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 7.9 ஜிபிதான் கிடைக்கும். ஆற்று நீரைக் குவளையால் மொண்டு வருவதைப் போல, 272 எங்கே, 8 எங்கே. இதே காரணத்தால், பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகை நான் மதிக்கும் தேர்வுகளில் ஒன்று. 4060 ஐவிடச் சற்று மெதுவானதுதான், ஆனால் 16 தடங்கள், 12 ஜிபி நினைவகம் என்ற இரண்டும் பழைய கணினியின் இரண்டு பலவீனங்களுக்கும் நேர் மருந்தாக அமைகின்றன. புதிய வரிசைகளிலும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்ற சில கார்டுகள் 16 தடங்களை விட்டுக்கொடுக்கவில்லை. வாங்குபவர்கள் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் தடங்களின் எண்ணிக்கையை முதலில் தேட வேண்டும்; விளம்பரத்தில் அதை முன்வைக்கும் வழக்கம் எந்த நிறுவனத்திடமும் இல்லை.

மின்சாரக் கணக்கு அடுத்தது. ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். ஆறு முனை கேபிள் மேலும் 75 வாட்டும் எட்டு முனை கேபிள் 150 வாட்டும் தரும். புதிய கார்டு என்றாலே பவர் சப்ளையையும் மாற்றியாக வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு காலத்தின் பெரிய கார்டு வைத்திருந்தவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. 2013ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 780 டிஐ 250 வாட் எடுத்தது, 2014ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 970 145 வாட் எடுத்தது. அவை இரண்டையும்விட வேகமான ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட். சுமை குறைகிறது, வெப்பமும் குறைகிறது.

ஆனாலும் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்காமல் எதையும் வாங்கக் கூடாது. கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து, தேவைப்பட்டால் நான்கு திருகுகளைக் கழற்றி அதை வெளியே சாய்த்தால், அந்தத் தாளில் ஒரு சிறிய அட்டவணை தெரியும். பெரிய எழுத்தில் 500 வாட் என்று போட்டிருக்கும். நாம் பார்க்க வேண்டியது 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியர் எண்ணை. அங்கே 18 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால், பிராசஸருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது 12ஐ 18ஆல் பெருக்கினால் வரும் 216 வாட்தான். மிச்ச வாட்டெல்லாம் இன்றைய கணினி அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் இணைப்புகளில் பங்கு போடப்பட்டிருக்கும். அதே 500 வாட் என்ற பெயரில் 12 வோல்ட்டில் 38 அல்லது 40 ஆம்பியர் தரும் நல்ல பவர் சப்ளைகளும் உண்டு. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் பயன்படுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ அது சான்று அல்ல.

வயதும் ஒரு கணக்கு. பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேய்கின்றன. கார்டு எடுக்கும் மின்சாரம் சீராக ஓடுவதும் இல்லை. குறிப்பிட்ட வாட் என்பது சராசரி, கண்சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அது அதைவிட வெகு உயரத்துக்குத் துள்ளி இறங்கும். நானே ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டேன். புதிய கார்டைப் பொருத்திய பிறகு கனமான காட்சிகளில் மட்டும் கணினி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்து மீண்டும் தொடங்கியது. டிரைவரை மூன்று முறை மாற்றி, விண்டோஸையே ஒருமுறை புதிதாக நிறுவி, ஒரு வாரம் வீணான பிறகுதான், எட்டு வயதான பவர் சப்ளை அந்தத் துள்ளல்களைத் தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது என்பது புரிந்தது. நீலத் திரை இல்லை, பிழைச் செய்தி இல்லை, சுமையில் மட்டும் சட்டென்று அணைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பவர் சப்ளையைத்தான்.

கேபிள்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவது பெரும் தவறு. கார்டின் பக்கம் உள்ள முனைகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை, பவர் சப்ளையின் பக்கம் உள்ள முனைகளுக்கு அப்படிப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட அவை வேறுபடலாம், தவறான கேபிள் கார்டையும் வட்டுகளையும் ஒரே நொடியில் எரித்துவிடலாம். இரண்டாவது, வட்டுகளுக்கான சாட்டா இணைப்பிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுத்துத் தரும் மலிவான அடாப்டர்கள். சாட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் முனைகள் மூன்றும் சேர்ந்து தாங்கக்கூடியது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 150 வாட் கேட்கும் எட்டு முனையை அதில் தொங்கவிட்டால் பிளாஸ்டிக் உருகும். இந்த அடாப்டர்களை இன்னும் விற்பது எனக்குப் புரியாத கொடுமை.

அலுவலகப் பயன்பாட்டுக்காகப் பெரிய நிறுவனங்கள் விற்ற கணினிகளை விளையாட்டுக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு தனி வழி இருக்கிறது. அவற்றில் பல தமக்கே உரிய வடிவப் பவர் சப்ளையோடு வருவதால் வெளிச்சந்தைப் பெட்டியைப் பொருத்த முடியாது, கார்டுக்கான கேபிளும் இருக்காது. ஸ்லாட்டின் 75 வாட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் கார்டு ஒன்றே போக்கு. 75 வாட்டில் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650, 2024இல் 70 வாட்டில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை ஆகியவை இந்த இடத்துக்கு உரியவை. 1650இன் சில மாடல்களில் ஆறு முனை கேபிள் தேவைப்படும் என்பதால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இடத்தை அளப்பதற்கு ஒரு டேப் போதும். கேபினட்டின் பின்புறத் தகட்டிலிருந்து முன்புற விசிறி வரை, இடையில் ஹார்ட் டிஸ்க் கூண்டு இருந்தால் அந்தக் கூண்டு வரை, அளந்து அதைக் கார்டின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். கேபிள் மேலே வளைந்து போகவும், கார்டின் தடிமன் கீழே உள்ள ஸ்லாட்டுகளை மறைக்கவும் கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மென்பொருள் பக்கம் இரண்டு தடைகள் வரலாம். 2012க்கு முந்தைய மதர்போர்டுகள் பலவற்றில் பழைய வகை பயாஸ் மட்டுமே இருப்பதால், சில புதிய கார்டுகள் அங்கே படமே காட்டாமல் போகலாம். அந்த மதர்போர்டில் அந்தக் கார்டை யாராவது ஓட்டிக் காட்டியிருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது நல்லது. ரீசைசபிள் பார் என்ற வசதி இரண்டாவது. வழக்கமாகப் பிராசஸர் கார்டின் நினைவகத்தை 256 எம்பி அளவுள்ள சாளரம் வழியாகவே எட்டிப் பார்க்கிறது. இந்த வசதி இருந்தால் முழு நினைவகத்தையும் ஒரே சமயத்தில் அணுகலாம். என்விடியா, ஏஎம்டி கார்டுகளுக்கு இது கூடுதல் நன்மை மட்டுமே. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ஏறக்குறைய கட்டாயம். மதர்போர்டின் பயாஸில் அந்த வசதி இல்லாதவர்கள் ஆர்க் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பழைய கார்டையே வைத்துக்கொண்டு ஓட்டலாமா என்று தயங்குபவர்களுக்கு, காலக்கெடு ஒன்றும் கடந்துவிட்டிருக்கிறது. ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 வரிசைகளுக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், அதன் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே தரப்போவதாகவும் என்விடியா அறிவித்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விளையாட்டுகளும் மாறிவிட்டன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகியவை ரே டிரேசிங்குக்கான வன்பொருள் இல்லாத கார்டுகளை ஏற்பதே இல்லை. எத்தனை வலுவானதாக இருந்தாலும் 2018க்கு முந்தைய கார்டு எதற்கும் அந்தக் கதவு திறக்காது.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற மெருகேற்றும் நுட்பங்களைப் பழைய கணினிக்கு வரமாகப் பேசுவதைக் கேட்கிறோம். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் இந்த நுட்பம் கார்டின் சுமையைத்தான் குறைக்கிறது. பிராசஸர் தாமதமாகும் இடத்தில் இதனால் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது. இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே செயற்கையாக ஒன்றை உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் பிராசஸரைத் தொடாமலே எண்ணிக்கையைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் விசையை அழுத்தியதற்கும் திரை மாறுவதற்கும் இடைப்பட்ட நேரம் அதனால் குறைவதில்லை. தெருமுனைத் திக்கலும் அப்படியே இருக்கும்.

பொருத்தும் வேலையே இவை எல்லாவற்றிலும் எளிது. பழைய டிரைவரை நீக்கிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்லாட்டின் முனையில் உள்ள பிடியை அழுத்திப் பழைய கார்டை எடுத்து, புதியதைக் க்ளிக் என்ற ஓசை கேட்கும் வரை அழுத்திச் செருகி, கேபிளை இணைத்தால் முடிந்தது. பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்கள் அதற்குரிய மாற்றியை முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே என்விடியா அனலாக் இணைப்பைக் கைவிட்டுவிட்டது. மானிட்டர் கேபிள் மதர்போர்டின் துளையில் இல்லாமல் கார்டின் துளையில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிறகு ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, இணைப்பு விவரம் காட்டும் கட்டத்தைப் பார்க்க வேண்டும். கணினி சும்மா இருக்கும்போது அங்கே 1.1 என்ற குறைந்த தலைமுறை தெரிந்தால் பதற வேண்டியதில்லை. மின்சாரம் மிச்சப்படுத்த இணைப்பு தானாகவே தணிந்திருக்கிறது. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சிறு சுமை கொடுத்தவுடன் அது 3.0க்கு ஏறும். 16 தடங்கள் வர வேண்டிய இடத்தில் 8 அல்லது 4 என்று நின்றால், கார்டு தவறான ஸ்லாட்டில் இருக்கிறது, அல்லது சரியாக அமரவில்லை. கடைசியாக, முதல் நாள் நின்ற அதே நாற்சந்தியில் போய் நின்று, தாளில் குறித்து வைத்த 720பி எண்ணோடு இப்போது முழு ரெசல்யூஷனில் வரும் எண்ணை ஒப்பிட வேண்டும். இரண்டும் அருகருகே இருந்து, கார்டின் பயன்பாடு 60, 70 விழுக்காட்டில் நின்றால், டெக்ஸ்ச்சர் தரத்தையும் நிழல்களின் துல்லியத்தையும் ஒவ்வொரு படியாக உயர்த்திக்கொண்டே போகலாம். பயன்பாடு 95ஐ எட்டும் வரை ஃப்ரேம் எண்ணிக்கை குறையாது.